மருந்தே அடிக்காத பழம்

பழ ஈயின் முற்றிய புழு குதிக்கும். காலும் கிடையாது, கண்ணும் கிடையாது. பாலாடை நிறத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். தலைப்பக்கம் கூர்மையாக, கறுப்பாக இரண்டு கொக்கி. உடம்பை வளையமாக வளைத்து, அந்தக் கொக்கியால் தன் வால் நுனியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கணம் இறுக்கிச் சட்டென்று விட்டால் தட்டைத் தாண்டி மேசையில் விழுந்திருக்கும். முதன்முதலாகப் பார்த்த அன்று கையிலிருந்த கத்தியைக் கீழே போட்டுவிட்டேன்.

பழத்தைத் தின்று முடித்த புழுவுக்கு அடுத்து வேண்டியது மண். ஒரு சில சென்டிமீட்டர் ஆழம் கிடைத்தால் போதும், உள்ளே போய்க் கூட்டுப்புழுவாகிவிடும். அதைத் தேடித்தான் அந்தத் தாவல்.

இறக்குமதியாகும் காய்கனிகளைப் பரிசோதிக்கும் வேலையில் பத்தொன்பது வருடம் இருந்தேன். வெள்ளைத் தட்டு, சின்னக் கத்தி, பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ், மெல்லிய தூரிகை, ஆல்கஹால் ஊற்றிய குப்பிகள். இவ்வளவுதான் என் ஆயுதம். வேலையைச் சொன்னால் நிறையப் பேர் முகம் சுளிப்பார்கள். "நல்ல பழத்தை வாங்கிக் குப்பையில போடறவங்கதானே நீங்க?" என்று விமான நிலையத்தில் என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல அங்கே ஒருநாளும் நேரம் கிடைத்ததில்லை. இப்போது இருக்கிறது.

முதலில் அந்த "நல்ல பழம்" விஷயம். பெண் ஈ பழத்தின் தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. முட்டை ஒரு மில்லிமீட்டர் நீளம், வெள்ளையாக, லேசாக வளைந்திருக்கும். ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் அடையாளம். மாம்பழமாக இருந்தால் அந்த இடத்தில் பால் கசிந்து காய்ந்திருக்கும். கொய்யாவில் புள்ளியைச் சுற்றி மெல்லிய கருவளையம் விழும். ஆனால் முட்டையிட்டு ஒன்றிரண்டு நாள்தான் ஆகியிருந்தால் லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் பல சமயம் ஒன்றும் தெரியாது. தட்டில் பளபளவென்று உட்கார்ந்திருக்கும் பழத்துக்குள் முப்பது முட்டை இருக்கலாம். கப்பலில், விமானத்தில், கிடங்கில் அது பயணம் செய்கிற நாட்களில்தான் புழு வளர்கிறது. அழுகலை எல்லாரும் ஒதுக்கிவிடுவார்கள். என்னைப் பயப்பட வைத்ததெல்லாம் அழகாக இருந்த பழங்கள்தான்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு தப்புச் செய்தேன். மாதிரிக்கு எடுத்த பழங்களை வெட்டி, புழு கிடைத்ததைப் பதிவு செய்து, குப்பியில் போட்டு மூடி, சரக்கை நிறுத்திவைக்கச் சொல்லி எழுதியும் ஆயிற்று. எல்லாம் சரியாகச் செய்துவிட்ட திருப்தியில், வெட்டின துண்டுகளை மேசைக்கடியிலிருந்த சாதாரணக் குப்பைக்கூடையில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். வேகவைத்து அழிக்க வேண்டும் என்பது விதி. மறுநாள் காலையில் என் மூத்த அதிகாரி அந்தக் கூடையைத் தூக்கித் தட்டில் கவிழ்த்தார். துண்டுகளை ஒதுக்கி, அடியில் விரித்திருந்த பிளாஸ்டிக் பையை உயர்த்தினார். கூடைக்கும் பைக்கும் நடுவே, கோதுமை மணி மாதிரி பழுப்பு நிறத்தில் ஐந்து கூட்டுப்புழு.

"மேசையில வெட்டற வரைக்கும் நீ பாத்துட்டம்மா. வெட்டினப்புறம் இது எங்க போகுதுன்னு யார் பாக்கறது?" என்றார். திட்டவில்லை. அந்த ஐந்தையும் ஈரமணல் போட்ட ஒரு பாட்டிலில் வைத்து, வாய்க்கு மெல்லிய துணி கட்டி, என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பத்தாவது நாள் நான்கு ஈக்கள் வெளியே வந்தன. பார்க்கக் குட்டிக் குளவி மாதிரி, முதுகில் மஞ்சள் பட்டையோடு. இறகு உலர்கிற வரை மணல்மேல் நடந்துகொண்டே இருந்தன. பரிசோதனை அறையின் ஜன்னலுக்கு வெளியே பத்தடி தூரத்தில் ஒரு மாமரம் உண்டு. அன்றைக்குத்தான் அந்த மரத்தை ஒழுங்காகப் பார்த்தேன்.

அந்தக் கேள்வியைத்தான் மீதி வருடமெல்லாம் சுமந்துகொண்டிருந்தேன். பழம் நாட்டுக்குள் வந்துவிட்டதாலேயே பூச்சி குடியேறிவிடாது. புழு பிழைக்க வேண்டும், மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும், ஈயாக வேண்டும், பக்கத்தில் ஜோடி வேண்டும், முட்டையிடக் காய்த்த மரம் வேண்டும். சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கதை முடிந்தது. தின்று தீர்த்த பழத்தால் ஆபத்தில்லை. இங்கே பலரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. இருபது வீட்டுக்குப் போன இருபது பழத்தில் தலா ஒரு புழு இருப்பதைவிட, ஒரே பழத்தில் இருபது புழு இருப்பது மோசம். ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில், ஒரே மரத்தடியில் வெளிவந்துவிடும் அல்லவா. "கசக்குது, வேண்டாம்" என்று பாதி தின்று தோட்டத்தில் விட்டெறிந்த அந்த ஒரு பழம்தான் எங்கள் கெட்ட கனவு.

கெட்ட கனவு நிஜமானால் எப்படி இருக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2024 தொடக்கத்தில் கலிபோர்னியாவின் ரெட்லண்ட்ஸ் நகரில் கீழை நாட்டுப் பழ ஈ பரவியதால் 2,000-க்கும் மேற்பட்ட வீடுகளின் தோட்ட மரங்களிலிருந்து பழங்களை அரசு ஆட்களே வந்து பறித்துக்கொண்டு போனார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2015-ல் ஒரு பொறியில் ஒரே ஒரு குயின்ஸ்லாந்து பழ ஈ சிக்கியது. அதற்கே சுற்றுவட்டாரத்திலிருந்து யாரும் பழங்களை வெளியே எடுத்துப்போகக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. ஆப்பிரிக்காவில் அப்படி மடக்கிப் பிடிக்க முடியவில்லை. 2003-ல் கென்யாவில் ஆசியாவிலிருந்து வந்த ஒரு பழ ஈயைக் கண்டார்கள். புது இனம் என்று நினைத்து 2005-ல் தனிப் பெயரே வைத்தார்கள். கடைசியில் 2015-ல், இது நமக்குத் தெரிந்த அதே கீழை நாட்டுப் பழ ஈதான் என்று முடிவானது. பெயர் விவகாரம் தீர்வதற்குள் கண்டத்தின் பெரும்பகுதிக்கு அது பரவிவிட்டது. மா விவசாயிகளுக்கு இரட்டை அடி: காய் மரத்திலேயே போச்சு, தப்பித்த காயை வாங்கவும் வெளிநாடுகள் தயங்கின.

வந்த ஈயைத் துரத்தவே முடியாது என்றில்லை. ஜப்பானின் ஒகினாவா தீவுகளில் பாகல், வெள்ளரி வகைகளைத் தாக்கும் ஈயை 1993-ல் முழுமையாக ஒழித்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் உழைத்து, கதிர்வீச்சால் மலடாக்கிய ஈக்களை 5,000 கோடிக்கும் மேல் பறக்கவிட்டார்கள். மலட்டு ஆணோடு சேர்ந்த பெண் இடும் முட்டை பொரிக்காது. தலைமுறை தலைமுறையாகக் குறைந்து, ஒரு நாள் பொறிகள் காலியாகவே இருந்தன. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்தக் கோடிகளை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம், இத்தனைக்கும் ஆரம்பம் யாரோ கொண்டுவந்த சில காய்களாக இருந்திருக்கலாமே என்றுதான் மனம் போகும்.

"அதான் சான்றிதழ் இருக்கே மேடம்" என்பார்கள். இருக்கிறது. 1951-ல் ஏற்பட்ட சர்வதேசப் பயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, அனுப்புகிற நாட்டு அரசு தரும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ். எங்களுக்குள் 'பைட்டோ' என்போம். அதற்கு மதிப்புண்டு, நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கொடுத்தவரும் என்னைப் போல மாதிரி எடுத்துப் பார்த்தவர்தானே. ஒரு சரக்கிலிருந்து 600 பழம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றால், 200 பழத்துக்கு ஒன்று அல்லது அதற்கு மேல் தாக்கப்பட்டிருந்தால் அதை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை பிடித்திருப்போம் என்று பொருள். அதுவும், தாக்கப்பட்ட பழத்தை வெட்டும்போது புழு கண்ணில் படாமல் போகவே போகாது என்று வைத்துக்கொண்டால். நேற்றுப் பொரித்த புழு சதைக்குள் நூல் மாதிரி இருக்கும். அதைத் தவறவிட்ட நாட்கள் எனக்கும் இருந்திருக்கும். எத்தனை என்று எண்ணிச் சொல்ல வழியில்லை என்பதுதான் உறுத்தல்.

அதனால்தான் சோதனையை மட்டும் நம்பாமல், பழத்தையே ஒரு சிகிச்சைக்கு உட்படுத்துகிறார்கள். மாம்பழத்துக்கு வெந்நீர்: 46 முதல் 48 டிகிரியில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலுமோ. ஆரஞ்சு வகைகளுக்குக் குளிர்: உறைநிலைக்குச் சற்று மேலே இரண்டு வாரத்துக்கும் மேல். சிலவற்றுக்கு மீதைல் புரோமைடு புகை. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு என்று மற்ற உபயோகங்களுக்குத் தடை செய்த மாண்ட்ரியல் ஒப்பந்தம், இந்தத் தேவைக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறது. அப்புறம் கதிர்வீச்சு. கதிர்வீச்சு பட்ட பழத்தை வெட்டினால் புழு உயிரோடு நெளியலாம். பதறக்கூடாது, அது ஈயாக மாறாது. இதைப் புரியவைப்பதற்குள் புது ஊழியர்களிடம் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

சிகிச்சைக்கு ஓர் அளவுகோலும் உண்டு. 1939-லிருந்து பேசப்படுவது: பத்து லட்சம் பூச்சியில் 32-க்கு மேல் பிழைக்கக் கூடாது. கேட்க எவ்வளவு கறாராக இருக்கிறது! ஆனால் குளிர்ப்பெட்டியில் வெப்பம் ஒரு டிகிரி ஏறினாலோ, ஓரத்துப் பெட்டிகளுக்குக் காற்று போகாமல் அடுக்கியிருந்தாலோ அந்தக் கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது. 2001 கடைசியில் ஸ்பெயினிலிருந்து அமெரிக்கா போன கிளெமென்டைன் ஆரஞ்சுகளில் மத்தியதரைக்கடல் பழ ஈயின் புழு உயிரோடு இருந்தது. குளிர்ச் சிகிச்சை முடிந்து, துறைமுகம் தாண்டி, கடைக்கு வந்து சேர்ந்த பழங்கள் அவை. முதலில் கண்டுபிடித்துச் சொன்னது ஒரு அதிகாரி இல்லை, பழத்தை உரித்த ஒரு வாடிக்கையாளர். அந்தப் பருவத்து இறக்குமதியே நின்றது. பிறகு குளிரில் வைக்கும் காலத்தை இரண்டு நாள் கூட்டித்தான் மறுபடி அனுமதித்தார்கள். உரிக்கும்போது புழுவைப் பார்த்து "சீ" என்று தூக்கிப் போட்டுவிட்டுப் போகாமல், ஃபோனை எடுத்த அந்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவும் பழ ஈயைப் பற்றியே சொல்லிவிட்டேன். அதுவே உலகம் என்று ஆகிவிட்டது எனக்கு. மற்றவர்களும் இருக்கிறார்கள். மங்குஸ்தான் காம்பின் மூடிக்கடியில் மாவுப்பூச்சி, வாழைச் சீப்பின் இடுக்கில் செதில் பூச்சி, கீரைக்கட்டை வெள்ளைத் தாளில் தட்டினால் நூல்துண்டு மாதிரி ஊர்கிற இலைப்பேன். ஸ்பெயினுக்கு 2006-ல் வந்த தென் அமெரிக்கத் தக்காளி ஊசிப்புழு எட்டே வருடத்தில், 2014-ல், இந்தியா வரைக்கும் வந்துவிட்டது. மத்திய அமெரிக்கப் பப்பாளி மாவுப்பூச்சியை 2008-ல் இந்தியாவில் கண்டார்கள். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது.

இலைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், குறிப்பாகக் கறிவேப்பிலை. பையில் மணக்க மணக்க ஒரு கொத்து, அதனால் யாருக்கு என்ன கெடுதல் என்று தோன்றும். அதன் கொழுந்தை லென்ஸில் பாருங்கள். மடிந்த குருத்துக்குள் மஞ்சள் முட்டைகள். இலையின்மேல் மூன்று நான்கு மில்லிமீட்டரில் ஒரு பழுப்புப் பூச்சி, தலையைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்திருக்கும். ஆசிய எலுமிச்சைச் சில்லிட் அது. கறிவேப்பிலைச் செடியை அது கொல்வதில்லை, நோய்க்கிருமியும் அந்தச் செடியில் வளர்வதில்லை. ஆனால் ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களுக்குப் பச்சையாக்க நோயைப் பரப்புவது இந்தப் பூச்சிதான். நோய் வந்த மரத்துக்கு மருந்து கிடையாது. காய் கோணலாகி, பச்சையாகவே நின்று, கசந்து உதிரும். ஃபுளோரிடாவில் பூச்சியை 1998-ல் கண்டார்கள், நோயை 2005-ல். 2003-04 பருவத்தில் அங்கே விளைந்தது 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு. 2023-24-ல் இரண்டு கோடிப் பெட்டிகூட இல்லை. புயல்களுக்கும் அதில் பங்குண்டு, ஆனால் தோட்டங்களின் முதுகை ஒடித்தது இந்த நோய். அதற்குப் பிறகும் என்னிடம் "இலைதானேம்மா" என்றவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. லென்ஸைக் கொடுத்து "பாருங்க" என்பேன்.

இன்னொன்று, தின்ன வந்ததை நடுவது. இஞ்சி முளைவிட்டிருக்கிறது, தொட்டியில் ஊன்றலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சமையலுக்கு என்று அனுமதித்த கிழங்கை, நடுவதற்கான சோதனை எதற்கும் உட்படுத்தியிருக்க மாட்டோம். வாடல் நோய்க் கிருமியோ நூற்புழுவோ அதில் இருந்தால், வாணலியில் செத்திருக்க வேண்டியது மண்ணில் குடியேறிவிடும். உருளைக்கிழங்கோடு ஒட்டி வரும் மண்ணில் முட்டைக்கூட்டு நூற்புழு இருந்தால் இருபது வருடம் காத்திருக்கும், அடுத்த உருளைச் செடி வரும்வரை.

நாங்கள் எப்போதும் சரி என்று சொல்லவும் மாட்டேன். பூச்சியின் பெயரைச் சொல்லிப் போட்டியாளரின் சரக்கைத் தடுப்பதும் நடக்கிறது. நியூசிலாந்து ஆப்பிளை நெருப்புக் கருகல் நோய்க்குப் பயந்து ஆஸ்திரேலியா 1921-ல் தடுத்தது. அறிவியல் ஆதாரம் போதாது என்று 2010-ல் உலக வர்த்தக அமைப்பு தீர்ப்புச் சொல்லும் வரை அது நீடித்தது. என் மேசையில் கிடந்து அழுகிய சரக்குகளுக்குப் பின்னால் ஒரு விவசாயியின் ஒரு வருட உழைப்பு இருந்தது. புழுவாக இருக்கும்போது எந்த இன ஈ என்று கண்ணால் உறுதியாகச் சொல்வது கடினம். வளர்த்து ஈயாக்கியோ டிஎன்ஏ பார்த்தோ முடிவு வருவதற்குள் பழம் தாங்காது. அதனால் உறுதி தெரியாமலே அழிக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போட்ட நாட்கள் உண்டு. அன்று இரவு சோறு இறங்காது. ஆனாலும் அந்தக் கையெழுத்தை மறுபடியும் போடுவேன்.

கடைசியாக, ஒரு பாட்டி. வேலையில் என் கடைசி வருடம். பயணிகள் பகுதியில் மோப்ப நாய் அவர் பை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே பழைய சேலைத் துண்டில் சுற்றிய ஒன்பது கொய்யா. பேரனுக்காம். எடுக்கக் கூடாது என்றதும் அவர் கண் கலங்கிவிட்டது.

"கடையில வாங்கினது இல்ல கண்ணு. எங்க வீட்டு மரம். மருந்தே அடிக்கறதில்ல."

அதைச் சொன்னால் விட்டுவிடுவேன் என்று உண்மையாகவே நம்பினார். பேரனுக்கு விஷமில்லாத பழம் கொடுக்க வேண்டும் என்று நினைத்த மனசு. கடைச் சரக்குக்காவது தோப்பில் பொறி, கிடங்கில் சிகிச்சை, துறைமுகத்தில் சோதனை என்று மூன்று தடை உண்டு. சேலைத் துண்டில் வந்த கொய்யாவுக்கு ஒன்றுமே கிடையாது. இதை எப்படிச் சொல்வது? நாற்காலி போட்டு உட்காரவைத்து, "பாட்டிம்மா, உங்க முன்னாடியே வெட்டறேன், நீங்களே பாருங்க" என்றேன்.

முதல் இரண்டு கொய்யா சுத்தமாக இருந்தன. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவதை வெட்டினேன். விதைகளுக்கு நடுவே சதை குழைந்து, ஏழெட்டுப் புழு. ஒன்று வளைந்து, இறுக்கி, தட்டைத் தாண்டி அவர் மடியில் போய் விழுந்தது. அவர் உதறவில்லை. இரண்டு விரலால் எடுத்து என் தட்டில் திரும்ப வைத்தார். மீதி ஆறையும் அவரே என் பக்கம் நகர்த்தினார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப ஊர்ல மரத்துல இருக்கறதெல்லாம் இப்படித்தானா? அதையும் காப்பாத்த முடியாதா?" என்று கேட்டார்.

முடியும் என்றேன். காய் எலுமிச்சை அளவு வந்ததும் ஒவ்வொன்றுக்கும் காகிதப் பை கட்டச் சொன்னேன். உதிர்ந்த காயை அன்றன்றைக்கே பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வெயிலில் போடச் சொன்னேன். எருக்குழியில் மட்டும் போட்டுவிட வேண்டாம் என்றேன். மீதைல் யூஜினால் என்று கேட்டால் பொறிக்கு மருந்து தருவார்கள், ஆண் ஈயெல்லாம் அதில் போய் விழும் என்றேன். அந்தப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. பயணச்சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்து, "பெருசா எழுதிக் கொடு கண்ணு" என்றார். எழுதிக் கொடுத்தேன்.